சரியாகத்தான் தட்டினேன், ஏன் மிஸ்? தொடுதிரைத் தாள விளையாட்டு: புதியவர்களுக்கு

தாள விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு புகார் இருக்கும்: "நான் சரியாகத்தான் தட்டினேன், கேம்தான் மிஸ் காட்டுகிறது." பல நேரங்களில் அவர்கள் சொல்வது உண்மைதான். காதுக்குச் சரியாக விழுந்த தட்டு, விளையாட்டின் கணக்கில் கால் நொடி பிந்தி விழுந்திருக்கும். போனுக்குள் ஒலி, காட்சி, தொடுகை மூன்றும் ஆளுக்கொரு தாமதத்தோடு ஓடுகின்றன. அதைச் சரிசெய்யாமல் மாதக்கணக்கில் ஆடினால் விரல் தப்பான நேரத்துக்கே பழகிவிடும். பிறகு போனை மாற்றும் அன்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் விரல் பயிற்சியைப் பிறகு பார்ப்போம். முதலில் போன்.

எது தாள விளையாட்டு

பாட்டு ஓடும். நோட்டுகள், அதாவது தட்ட வேண்டிய குறிகள், திரையில் ஒரு கோட்டை நோக்கி வரும். சைட்டஸ் போன்ற சிலவற்றில் நோட்டுகள் அசையாமல் நிற்கும். கோடுதான் மேலும் கீழும் போய் அவற்றைத் தொடும். கோடும் நோட்டும் சந்திக்கும் கணத்தில் நீங்கள் தட்ட வேண்டும். எத்தனை மில்லிநொடி முந்தினீர்கள் அல்லது பிந்தினீர்கள் என்று அளந்து பெர்ஃபெக்ட், குட், மிஸ் என்று விளையாட்டு தீர்ப்புச் சொல்லும்.

இந்த வடிவம் ஆர்க்கேடிலிருந்து வந்தது. கொனாமியின் பீட்மேனியா 1997-இலும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் 1998-இலும் வெளிவந்தன. ஐபோன் வந்த சூட்டில் 2008-இல் டேப் டேப் ரிவெஞ்ச், 2012-இல் தைவானின் ரேயார்க் நிறுவனம் செய்த சைட்டஸ், 2017-இல் ஆர்க்கேயா, 2019-இல் ஃபிக்ராஸ், 2020-இல் ப்ராஜெக்ட் செகாய் என்று அது தொடுதிரைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஆர்க்கேடில் அழுத்துவதற்குப் பொத்தான் இருந்தது. அழுந்தியதை விரலே உணர்ந்துவிடும். கண்ணாடியில் அந்த உணர்வு கிடையாது. தட்டு எப்போது பதிந்தது என்பதைக் காதும் கண்ணும்தான் சொல்ல வேண்டும்.

கருப்புக் கட்டங்களைத் தட்டிக்கொண்டே போகும் பழைய பியானோ டைல்ஸ் வகையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே நீங்கள் தட்டுவதால்தான் சுரம் ஒலிக்கிறது. வேகம் உங்கள் கையில். விரல் வேகத்துக்கு அது நல்லது, ஆனால் நேரத்தில் தட்டக் கற்றுத்தராது.

எதில் தொடங்குவது? ஃபிக்ராஸ் நல்ல தேர்வு. இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், தீர்ப்பும் தாராளம். அதில் மிக எளிதான ஈஇசட் நிலையில் நாலைந்து பாட்டு, பிறகு அடுத்த நிலையான எச்டி. ப்ராஜெக்ட் செகாயில் ஈசி, நார்மல், ஹார்ட், எக்ஸ்பர்ட், மாஸ்டர் என்று படிகள் உண்டு. ஹார்டு வரை இரண்டு கட்டைவிரலே போதும். ஆர்க்கேயாவில் தரையில் வரும் நோட்டு, வானத்தில் வரும் நோட்டு, வளைந்து செல்லும் ஆர்க் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருப்பதால், அதை இரண்டாவது விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம்.

மில்லிநொடிக் கணக்கு

ஆர்க்கேயாவில் சரியான கணத்துக்கு முன்னோ பின்னோ 50 மில்லிநொடிக்குள் தட்டினால் 'ப்யூர்', 100-க்குள் என்றால் 'ஃபார்', அதையும் தாண்டினால் 'லாஸ்ட்'. ப்யூரிலும் 25-க்குள் விழுபவற்றுக்குத் தலா ஒரு மதிப்பெண் கூடுதல். முழு மதிப்பெண் 1 கோடியோடு நிற்காமல் அதற்கு மேலும் சில்லறையாக ஏறுவது இதனால்தான். ஃபிக்ராஸில் 80-க்குள் பெர்ஃபெக்ட், 160-க்குள் குட். ஒருமுறை கண் இமைப்பதற்கே 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அந்த அளவில்தான் இங்கே பேச்சு.

பாட்டின் வேகத்தை பிபிஎம் என்பார்கள்: நிமிடத்துக்கு எத்தனை தாள அடி. 60,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை மில்லிநொடி என்று கிடைக்கும். 120 பிபிஎம் பாட்டில் ஓர் அடி 500. அதை நான்காகப் பிரித்தால் 125. 180 பிபிஎம் பாட்டில் ஓர் அடி 333, நான்கில் ஒரு பங்கு 83. இப்போது உங்கள் காதில் விழும் ஒலி 200 மில்லிநொடி பிந்தி வருகிறது என்று வையுங்கள். அந்த வேகமான பாட்டில் நீங்கள் இரண்டு நோட்டுக்கும் மேலாகப் பின்தங்கியிருப்பீர்கள். கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை.

தாமதம் எங்கிருந்து வருகிறது

பெரும் பங்கு ஒலியில். விளையாட்டு ஒலியை நேரே ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. சிறு சிறு துண்டுகளாகச் சேர்த்து வைத்து அனுப்புகிறது. நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் ஓடும் இடத்தில் 960 மாதிரிகளைச் சேர்த்தால் அதிலேயே 20 மில்லிநொடி போய்விடும். 192 மட்டும் சேர்த்தால் 4-தான். எவ்வளவு சேர்ப்பது என்பது போனுக்குப் போன் மாறும். ஐபோனில் வன்பொருள் வகை குறைவு, அதனால் தாமதம் சிறிது, சீரானது. ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து ஒலிக்கு விரைவான வழி ஒன்று உண்டு; ஆனால் எல்லா விளையாட்டும் எல்லாப் போனும் அதைப் பயன்படுத்துவதில்லை. டால்பி, ஈக்வலைசர், 'சரவுண்ட்' போன்ற ஒலி மெருகுகளை அமைப்பில் அணைத்துவிடுங்கள். அவை ஒலியை விரைவான வழியிலிருந்து மெதுவான வழிக்குத் தள்ளிவிடக்கூடும்.

புளூடூத் கதை வேறு. அங்கே ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, இயர்பட்டில் விரித்து, இடையில் துண்டிப்பு வராமலிருக்கக் கொஞ்சம் சேமித்தும் வைக்கிறார்கள். சாதாரண இயர்பட்டில் இது 100 முதல் 300 மில்லிநொடி வரை போகும். தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் 70 மீட்டர் பின்னால் நடந்தால் தவில்காரர் கை விழுந்த பிறகுதான் சத்தம் வந்து சேரும். அந்த இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிநொடி. புளூடூத்தில் ஆடுவது அவ்வளவு தூரத்திலிருந்து தாளம் போடுவது. பெட்டியில் 'கேம் மோட்' என்று போட்டிருக்கும் இயர்பட்டுகளில் தாமதம் குறையும், இல்லாமல் போகாது.

அதை ஆஃப்செட்டில், அதாவது நோட்டின் நேரத்தை முன்பின் நகர்த்தும் அமைப்பில், ஈடுகட்ட முடியாதா என்று கேட்பார்கள். பாதி முடியும். பாட்டு எந்த நேரத்தில் எப்படி ஓடும் என்பது விளையாட்டுக்கு முன்பே தெரியும். அதனால் நோட்டுகளை 200 மில்லிநொடி பின்தள்ளிப் பாட்டோடு பொருத்திவிடலாம். ஆனால் நீங்கள் தட்டியதும் எழும் 'டிக்' ஒலி, தட்டிய பிறகுதான் பிறக்கிறது. அதை முன்கூட்டி அனுப்ப எந்த அமைப்பாலும் முடியாது. பாட்டு சரியாகக் கேட்கும், டிக் மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். அந்த இழுப்பைக் கேட்டுக் கை தானாகத் தயங்கும். போதாக்குறைக்கு, துண்டித்து மறுபடி இணைத்தால் தாமதத்தின் அளவே மாறிவிடுவதுண்டு. வேறு வழியில்லாமல் புளூடூத்தில் ஆடுவதென்றால் தட்டொலியை முழுவதும் அணைத்துவிட்டு ஆடுங்கள்.

கம்பி இயர்போன் போதும்; விலை ஒரு பொருட்டல்ல. 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத போனுக்கு யுஎஸ்பி-சி மாற்றி வாங்கிக்கொள்ளலாம்.

காட்சியும் தொடுகையும் சிறிய பங்காளிகள். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும், 120 ஹெர்ட்ஸ் திரை 8.3-க்கு ஒருமுறை. பேட்டரி சேமிப்பு முறையை இயக்கினால் 120 ஹெர்ட்ஸ் போனும் 60-க்கு இறங்கிவிடும். பலர் கவனிப்பதே இல்லை.

இணைய வேகத்துக்கும் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தட்டு சரியா தப்பா என்று முடிவு செய்வது உங்கள் போன்தான். சர்வர் ஜப்பானில் இருந்தாலும் ஹாங்காங்கில் இருந்தாலும் ஒன்றே. தனியாக ஆடும்போது மிஸ் வந்தால் வீட்டு வைஃபையைத் திட்டுவதில் பொருளில்லை.

ஆஃப்செட் பிடிப்பது

அமைப்பில் 'ஆஃப்செட்', 'கேலிப்ரேஷன்', 'டைமிங் அட்ஜஸ்ட்' என்று ஏதாவது ஒரு பெயரில் இது இருக்கும். சிலவற்றில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று பாட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையிலானது, இன்னொன்று நோட்டின் காட்சிக்கும் தீர்ப்புக்கும் இடையிலானது. முதலில் ஒலிக்கானதை மட்டும் தொடுங்கள்.

எந்த இயர்போனில் ஆடப் போகிறீர்களோ அதையே மாட்டுங்கள். பேட்டரி சேமிப்பை அணையுங்கள். போனை எப்படிப் பிடித்து ஆடுவீர்களோ அப்படியே பிடியுங்கள். கேலிப்ரேஷன் திரையில் மெட்ரோனோம் என்ற சீரான தாள ஒலி அடிக்கும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அல்லது திரையை விட்டு வேறு பக்கம் பாருங்கள். காதை மட்டும் நம்பி 30, 40 தட்டு. முதல் எட்டுத் தட்டுகள் நிதானத்துக்கு வருவதற்கே போய்விடும். விளையாட்டு ஓர் எண் தரும். இதை மூன்று முறை செய்து, மூன்று எண்ணில் நடுவிலிருப்பதை எடுங்கள். மூன்றும் 15 மில்லிநொடிக்குள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் நம்பலாம். ஒன்று 40, ஒன்று 95 என்று சிதறினால் களைப்பாக இருக்கிறீர்கள் அல்லது கண்ணால் தட்டுகிறீர்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த எண் இறுதியானது அல்ல. வெறும் மெட்ரோனோமுக்குத் தட்டும்போது மனிதர் கை இயல்பாகவே சில பத்து மில்லிநொடி முந்தும். தாள ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது. நிறைய வாத்தியம் சேர்ந்த பாட்டில் அந்த முந்தல் குறையும். ஆகவே அடுத்த படி: ஏர்லி, லேட் காட்டும் வசதியை இயக்கிவிட்டு, உங்களுக்கு மிக எளிதான, வேகம் மாறாத ஒரு பாட்டை ஆடுங்கள். முடிவுத் திரையில் ஏர்லி எத்தனை, லேட் எத்தனை என்று பாருங்கள். 40 லேட், 6 ஏர்லி என்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் 10 மில்லிநொடி நகர்த்தி, அதே பாட்டை மறுபடி ஆடுங்கள். இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகும் வரை 5, 10 என்று நகர்த்தலாம்.

எந்தப் பக்கம் நகர்த்துவது? இங்கேதான் பலரும் சிக்குகிறார்கள். ஒரு விளையாட்டில் கூட்டல் என்றால் நோட்டு பிந்தும், இன்னொன்றில் அதே கூட்டல் நோட்டை முந்த வைக்கும். குறிப்பைப் படித்து மண்டையை உடைப்பதைவிட, 30 மில்லிநொடி கூட்டி ஒரு பாட்டு ஆடிப் பாருங்கள். லேட் குறைந்தால் அதுதான் உங்கள் திசை. கூடினால் மறுபக்கம்.

பிடித்த எண்ணை ஒவ்வொரு பாட்டுக்கும் மாற்றாதீர்கள். ஒரு பாட்டில் லேட் அதிகம் வருவது போனால் இருக்காது. அந்தப் பாட்டின் நோட்டு அமைப்பு உங்களுக்குப் பழகவில்லை என்பதாலேயே இருக்கும். இன்னொன்று: பாட்டின் தொடக்கத்தில் சமமாக இருந்து, முடிவை நோக்கி லேட் கூடிக்கொண்டே போனால் அது ஆஃப்செட் அல்ல. போன் சூடேறித் திணறுகிறது, அல்லது கை சோர்கிறது. இயர்போனிலிருந்து ஸ்பீக்கருக்கு மாறினால், போனை மாற்றினால், பெரிய சிஸ்டம் அப்டேட் வந்தால் மட்டும் மறுபடி அளந்தால் போதும்.

நோட் வேகம்: கூட்டினால் எளிது

புதியவர்கள் வேகத்தைக் குறைத்து வைப்பார்கள். நோட்டு மெதுவாக இறங்கினால் நிதானமாகப் பார்க்கலாம் என்ற எண்ணம். நடப்பது நேர் எதிர். பாட்டு அதே வேகத்தில்தான் ஓடுகிறது. இறங்கும் வேகம் குறைந்தால் அதே திரையில் அதிக நோட்டுகள் நெருங்கி நிற்கும், எது முதல் எது அடுத்தது என்று பிரித்தறிய முடியாது. வேகத்தைக் கூட்டினால் நோட்டுகளுக்கு இடையில் இடைவெளி விழும். 83 மில்லிநொடி இடைவெளியும் 125 மில்லிநொடி இடைவெளியும் கண்ணுக்கே வெவ்வேறாகத் தெரியும். இப்போது வைத்திருக்கும் எண்ணிலிருந்து 0.5 கூட்டி இரண்டு நாள் ஆடுங்கள். பழகியதும் இன்னொரு 0.5. நோட்டு தோன்றியதும் பதறித் தட்டும் நிலை வந்தால் ஒரு படி இறங்குங்கள். சைட்டஸ் வகையில் இந்த அமைப்பு கிடையாது. கோட்டின் வேகத்தைப் பாட்டே முடிவு செய்கிறது.

கண்ணாடி, வியர்வை, சார்ஜர்

தொடுதிரைக்கு அழுத்தம் தெரியாது. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. மின்சாரத்தைக் கடத்தும் உங்கள் விரல் அருகில் வந்ததும் அங்கே மின்னேற்றம் மாறுவதைத் திரை கவனிக்கிறது. அவ்வளவுதான். எனவே ஓங்கிக் குத்துவதால் ஒரு மில்லிநொடிகூட முந்தாது, விரல் மட்டும் களைத்துப்போகும். இரண்டு விரலை ஒரு சென்டிமீட்டருக்கும் நெருக்கமாக வைத்தால் திரை இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக்கூடும். சிறிய போனில் பக்கத்துப் பக்கத்து வழித்தடங்களில் வரும் இரட்டை நோட்டு மிஸ் ஆவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். இங்கே மொரிசியஸில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை போர்ட் லூயிஸ், கிராண்ட் பே போன்ற கரையோர ஊர்களில் இருக்கும் புழுக்கத்தில் விரல் ஈரமாகி வழுக்காது, ஒட்டும். விரலை இழுத்துக்கொண்டே போக வேண்டிய ஸ்லைடு நோட்டு பாதியில் அறுந்துபோவது அதனால்தான். மேட்டுநிலத்தில் க்யூர்பிப் பக்கம் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கையைக் கழுவித் துடைத்து, விரல் நுனியில் மிகச் சிறிது முகப்பவுடரோ கார்ன் ஃப்ளாரோ தடவிக்கொள்ளலாம். துப்பாக்கி விளையாட்டுக்காரர்கள் மாட்டும் மெல்லிய விரல் உறையும் உதவும். துணியில் வெள்ளி அல்லது கார்பன் நூல் ஓடுவதை வாங்க வேண்டும், வெறும் துணியாக இருந்தால் திரை விரலை உணராது. திரைப் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் அது மெல்லியதாக, முழுப் பரப்பும் ஒட்டியதாக இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் பசை உள்ளவை நடுவில் காற்றை அடைத்துத் தொடுகையைக் கெடுக்கும்.

சார்ஜ் போட்டபடி ஆடுவது தனித் தலைவலி. மலிவான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் திரையின் அளவீட்டோடு கலந்துவிடும்: தொடாத இடத்தில் தட்டு விழும், விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டிய ஹோல்டு நோட்டு நடுவில் விடுபடும். இங்கே சுவரில் பிரிட்டிஷ் மூன்று முள்ளும் பிரெஞ்சு இரண்டு முள்ளும் கலந்தே இருப்பதால், மூன்று முள் சார்ஜருக்கு மாறினால் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். போன் சார்ஜர்களில் அந்த மூன்றாவது முள் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக். தரைத் தொடர்பே இருக்காது. பேட்டரியை நிரப்பி, வயரைக் கழற்றிவிட்டு ஆடுங்கள். சூடும் குறையும்.

சந்தேகம் இருந்தால் ஆண்ட்ராய்டில் சோதித்துவிடலாம். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய் 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தட்டுங்கள். போன் பிரெஞ்சில் இருந்தால் 'நுமேரோ த பில்ட்' என்றிருக்கும். டெவலப்பர் மெனு திறக்கும். அதில் 'பாயிண்டர் லொகேஷன்' என்பதை இயக்கினால் திரையின் மேல் மூலையில் எத்தனை விரல் பதிகிறது என்ற எண்ணும், விரல் போன தடமும் தெரியும். ஐந்து விரலை வைத்து எண் ஐந்து ஆகிறதா பாருங்கள். மெதுவாகக் குறுக்குக் கோடு இழுங்கள். கோடு ஒரே இடத்தில் அறுந்தால் அங்கே திரை பழுது. சார்ஜர் மாட்டியபடி ஒருமுறை, கழற்றி ஒருமுறை இழுத்துப் பார்த்தால் சார்ஜரின் குற்றமா என்பதும் தெரிந்துவிடும். ஐபோன் ஒரே நேரத்தில் ஐந்து தொடுகை வரை ஏற்கும். உள்ளங்கை திரையில் படிந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

மூன்று விரல் ஸ்கிரீன்ஷாட் சைகையை மறக்காமல் அணையுங்கள். ஷவோமி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் மூன்று விரல் சேர்ந்து நகர்ந்தால் சிஸ்டம் அதைப் பிடுங்கிக்கொள்ளும். அந்தக் கணத்தின் நோட்டு எல்லாம் மிஸ். ஐபேடில் நான்கு, ஐந்து விரல் சைகைகளுக்கும் இதே கதி. ஓரத்திலிருந்து இழுத்தால் பின்செல்லும் சைகைக்குப் பதிலாகக் கீழே மூன்று பொத்தான் முறைக்கு மாறுவதும் நல்லது. 'டு நாட் டிஸ்டர்ப்' போடாமல் ஆடினால், ஒரு மிஸ்கூட இல்லாத ஃபுல் காம்போ கைக்கு வரும் நேரம் பார்த்து யாராவது அழைப்பார்கள்.

கட்டைவிரலா, ஆள்காட்டி விரலா

போனைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் ஆடுவது எளிய வழி. எங்கும் ஆடலாம், மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலிலும்கூட. ஆனால் இரண்டே விரல். மூன்று நோட்டு ஒன்றாக வந்தாலோ, ஹோல்டுக்கு நடுவில் அதே பக்கம் தட்டு வந்தாலோ தடுமாறும். போனையோ டேப்லெட்டையோ மேசையில் வைத்து ஆள்காட்டி விரல்களால் ஆடினால் கை தோளிலிருந்து இயங்கும், வேகமும் வரும், தேவைப்படும்போது நடுவிரலைக் கூட்டிக்கொள்ளலாம். அடியில் ரப்பர் விரிப்போ ஈரத்துணியோ போடாவிட்டால் போன் நகர்ந்துகொண்டே போகும். ஆர்க்கேயாவின் உயர் நிலைகளையும் ப்ராஜெக்ட் செகாயின் மாஸ்டரையும் குறி வைப்பவர்கள் தொடக்கத்திலேயே மேசை முறைக்குப் போவது மேல். கட்டைவிரலில் ஊறிய பிறகு மாறினால் ஒரு மாதம் மதிப்பெண் சரியும், மனமும் சோரும்.

எப்படி ஆடினாலும் விரல் கண்ணாடிக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். உயரத் தூக்கினால் இறங்கிவர நேரம் ஆகும்.

தகதிமியும் தகிடவும்

நோட்டு எங்கே வருகிறது என்பதைக் கண் சொல்லும். எப்போது வருகிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். கண்ணை மட்டும் நம்பி ஆடுகிறவர் நடுநிலை வரை வந்து அங்கேயே நின்றுவிடுவார்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலோ கோயிலிலோ பரதமோ கர்நாடக இசையோ கொஞ்சம் கற்ற பிள்ளைக்கு ஓர் அடியை நான்காகவும் மூன்றாகவும் பிரிப்பது வாயிலேயே இருக்கும். நான்கு என்றால் தகதிமி. மூன்று என்றால் தகிட. ஒரு பாட்டை ஆடுமுன் வெறுமனே கேட்டு, காலால் அடி போட்டு, எங்கே தகதிமி ஓடுகிறது, எங்கே தகிடவுக்கு மாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள். மொரிசியஸின் நாட்டுப்புற இசையான செகா கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஆறுக்கு எட்டு நடை புதிதல்ல. செகாவுக்கு அடிக்கும் ராவான் மேளத்தின் ஓட்டத்தில் அடி மூன்று மூன்றாகத்தான் பிரிகிறது. பாப், எலெக்ட்ரானிக் பாட்டுகளில் நான்கு நான்காகவே கேட்டு வளர்ந்தவர் தடுக்கி விழும் இடம் அந்த மூன்று.

எவ்வளவு தடுக்கும் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். 150 பிபிஎம் பாட்டில் ஓர் அடி 400 மில்லிநொடி. மூன்றாகப் பிரித்தால் நோட்டுகள் 0, 133, 267-இல் விழும். அதை நான்கு என்று நினைத்துத் தட்டினால் உங்கள் விரல் 0, 100, 200-இல் விழும். இரண்டாவது தட்டு 33 முந்துகிறது, மூன்றாவது 67. ஆர்க்கேயாவில் இரண்டாவது தட்டு தப்பித்து ப்யூர் ஆகும், மூன்றாவது ஃபார். ஏர்லி மட்டுமே குவியும் இடம் பாட்டில் ஒன்று இருந்தால், அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வாயால் தகிட என்று சொல்லிக்கொண்டே அந்தப் பகுதியைத் தட்டினால் சில சுற்றிலேயே சரியாகிவிடும்.

ஒரே இடத்தில் அடுத்தடுத்து வரும் நோட்டுகளை ஒரே விரலால் அடிக்கலாம், ஆனால் 150 பிபிஎம்முக்கு மேல் நான்காகப் பிரிந்து வந்தால் கை பூட்டிக்கொள்ளும்; இரண்டு விரலை மாற்றி மாற்றிப் போடப் பழகுங்கள். வலது கையில் தொடங்குவதா, இடதிலா என்று ஒவ்வொரு முறையும் மாற்றினால் கை நினைவில் தங்காது. வலம் என்று வைத்தால் வலமே. ஹோல்டு வரும்போது அதைப் பிடித்த கையை மறந்துவிட்டு மற்றக் கையின் தாளத்தை மட்டும் கேளுங்கள். ஹோல்டின் முடிவில் விரலை எடுக்கும் நேரத்தைச் சில விளையாட்டுகள் தீர்ப்பில் சேர்க்கும், ஃபிக்ராஸ் சேர்க்காது.

எவ்வளவு, எப்போது

ஒரே கடினமான பாட்டை முட்டி மோதுவதைவிட, உங்கள் நிலைக்கு ஒரு படி கீழே ஐந்து பாட்டு, அதே நிலையில் மூன்று, ஒரு படி மேலே ஒன்று என்ற கலவை வேலை செய்யும். ஒரு நிலையில் பத்துப் பாட்டுகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் வந்தால் அடுத்ததற்குப் போகலாம். உயிர்க்கோடு பிழைத்தது என்பதற்காக மட்டும் ஏறுவது வீண். கண்டபடி தட்டியும் பிழைக்க முடிகிற விளையாட்டுகள் உண்டு.

அரை மணி ஆடினால் ஐந்து நிமிடம் கையை உதறி, மணிக்கட்டை வளைத்து ஓய்வு கொடுங்கள். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோரமாகச் சுருக்கென்று வலி வந்தால் அது தசைநாண் உரசல். கட்டைவிரலைத் திரும்பத் திரும்ப இயக்குபவர்களுக்கு வருவது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது பயிற்சி அல்ல. சில நாள் நிறுத்துங்கள், குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வலிப்பு நோய் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், பின்னணி ஒளி வெட்டி வெட்டி மின்னும் பாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் அமைப்பு பெரும்பாலானவற்றில் இருக்கிறது.

இணையத்தோடு மட்டும் ஓடும் விளையாட்டுகளில் பாட்டுக் கோப்புகள் பல ஜிகாபைட் வரும்; மொபைல் டேட்டாவில் தொடங்கிவிடாமல் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். அட்டை குலுக்கும் முறை உள்ள விளையாட்டுகளில் அரிய அட்டை கிடைத்தால் மொத்த மதிப்பெண் ஏறும், உங்கள் துல்லியம் ஏறாது. பிள்ளைகளின் போனில் பணம் கட்டுவதற்குக் கடவுச்சொல் போட்டுவையுங்கள். ஜப்பானியப் பதிப்பின் சிறப்பு நிகழ்ச்சிகள் அந்நாட்டு நேரத்தில் அறிவிக்கப்படும். அங்கே நள்ளிரவு 12 என்றால் மொரிசியஸில் முந்தைய நாள் இரவு 7. அறிவிப்பில் உள்ள நேரத்திலிருந்து 5 மணி நேரம் கழித்துக்கொண்டால் சரி.